ரூம் மேட் படங்களில் கேன் தண்ணியை யார் மாற்றுகிறார்கள்?

லாஸ்பேட்டை மூணாவது மாடி (இழையைத் தொடங்கியவர்) | வெள்ளி இரவு 11:40

வணக்கம் மக்களே. எங்கள் ரூமில் நேற்று ராத்திரி நடந்த சண்டையை இங்கே கொண்டு வருகிறேன். தீர்ப்பு நீங்கள் சொல்லுங்கள்.

புதுச்சேரி லாஸ்பேட்டையில் நாலு பேர் சேர்ந்து ஒரு வீடு எடுத்திருக்கிறோம். ஒருவன் காரைக்கால், ஒருவன் மாஹே, ஒருவன் ஏனாம். நான் விருத்தாசலம். அதாவது யூனியன் பிரதேசத்தின் தூரத்து ஊர்கள் மூன்றும் எங்கள் வீட்டுக்குள் இருக்கின்றன, நடுவில் நான் ஒருத்தன்தான் தமிழ்நாடு. சாப்பிட்டுவிட்டு ஏதாவது படம் போடலாம் என்று ஆரம்பித்த பேச்சு, சேர்ந்து தங்குகிறவர்களைப் பற்றிய படங்களில் எது ஒசத்தி என்று திரும்பியது. நான் ‘வறுமையின் நிறம் சிவப்பு’ என்றேன். ஏனாம்காரன் ‘ஆகலி ராஜ்யம்’ என்றான். இரண்டும் ஒன்றுதான். பாலசந்தர் 1980இல் தமிழில் எடுத்தார், 81இல் தெலுங்கில் வந்தது, இரண்டிலும் கமலும் ஸ்ரீதேவியும்தான். அவன் ஒத்துக்கொள்ளவே இல்லை. “எங்களுடையதில் ஸ்ரீஸ்ரீ கவிதை வரும், உங்களுடையதில் வருமா?” என்கிறான். “எங்களுடையதில் பாரதி வருவார்டா. நீ இப்போது வாடகைக்கு இருக்கிற இதே ஊரில் பத்து வருஷம் இருந்த பாரதி” என்றேன். இதற்கு நடுவில் மாஹேக்காரன் மலையாள ‘ராம்ஜி ராவ் ஸ்பீக்கிங்’ என்று தனிக் கொடி பிடித்தான். காரைக்கால் தூங்கிவிட்டான்.

பேச்சு சூடாக இருந்தபோது தண்ணீர் குடிக்க எழுந்து போனேன். கேன் காலி. புதுக் கேன் சீல் உடைக்காமல் பக்கத்திலேயே நிற்கிறது. சாயங்காலத்திலிருந்து நாலு பேரும் பழைய கேனைச் சாய்த்துச் சாய்த்துக் கடைசிச் சொட்டு வரை குடித்திருக்கிறோம். இருபது லிட்டரைத் தூக்கிக் கவிழ்க்க ஒருத்தனுக்கும் மனசு வரவில்லை.

அங்கேயே நின்றபடி ஒரு பரீட்சை வைத்தேன். வாடகை எவ்வளவு, அதை யார் கொடுப்பது, கேனை யார் மாற்றுவது. இந்த மூன்றில் ஒன்றுக்காவது பதில் சொல்கிற படம்தான் ரூம் மேட் படம். மற்றதெல்லாம் நட்புப் படம். நட்பைப் பற்றி எடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

உங்கள் லிஸ்ட்டைச் சொல்லுங்கள். சீரியல், வெப் சீரிஸ், வெளிநாடு எதுவானாலும் சரி.

பெட்டிக்கடை பெஞ்சு | வெள்ளி இரவு 11:52

முதல் துண்டு நான்தான் போடுகிறேன். ‘சூது கவ்வும்’. வேலை இல்லாத மூன்று பேர், ஒரு ரூம். அதில் ரமேஷ் திலக் காலையில் அலாரம் வைத்து எழுந்து, குளித்து, பளிச்சென்று உடுத்திக்கொண்டு, உட்கார்ந்து குடிக்க ஆரம்பிப்பார். எல்லா ரூமிலும் இப்படி ஒரு ஒழுக்கமான சோம்பேறி உண்டு.

கேன் கேள்விக்குப் பதில்: அந்த ரூமில் தண்ணீர் அவ்வளவாகத் தேவைப்படவில்லை.

மஞ்சக்குப்பம் வாசகர் | சனி காலை 6:15

தம்பிகள் எல்லோரும் பேச்சிலர் ரூமிலேயே நிற்கிறீர்கள். நம் பக்கத்தில் சேர்ந்து வாழ்வது என்றால் அது ஒண்டுக்குடித்தனம். அதைச் சினிமாவில் பிடித்ததும் அதே பாலசந்தர்தான், 1968இல், ‘எதிர்நீச்சல்’. ஒரு பெரிய வீடு, அதற்குள் பல குடித்தனங்கள், மாடிப்படிக்குக் கீழே மாது என்ற பையன். நாகேஷ். அத்தனை குடித்தனத்துக்கும் எடுபிடி வேலை செய்து, “மாது வந்திருக்கேன்” என்று வாசலில் நின்றுதான் அவனுக்குச் சாப்பாடு. வாடகை யார் கொடுப்பது என்ற உங்கள் கேள்விக்கு இதைவிடக் கொடுமையான பதில் கிடையாது. அவன் உடம்பால் கொடுக்கிறான்.

அதில் இருமல் தாத்தா என்று ஒருவர் வருவார். வருவார் என்று சொல்வதே தப்பு, ஆள் கண்ணிலேயே பட மாட்டார், இருமல் மட்டும் கேட்கும். ஒண்டுக்குடித்தனத்தில் இருந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். நாங்கள் மஞ்சக்குப்பத்தில் ஆறு குடித்தனம் இருந்த வீட்டில் வளர்ந்தோம். எதிர் போர்ஷன்காரர் முகம் இன்று நினைவில் இல்லை. காலை நாலரைக்கு அவர் பல் தேய்த்துக் காறுகிற சத்தம் இருக்கிறது.

கேனுக்குப் பதில் எங்களுக்கு அடிபம்பு. ஆள் நிற்க வேண்டாம், குடம் வரிசையில் நின்றால் போதும். குடத்தை யாராவது நகர்த்தினால் அன்றைக்கு முழுக்கத் திருவிழாதான். மின்சாரத்துக்கு ஒரே மீட்டர் என்பதால் ஒன்பதரை மணிக்கு வீட்டுக்காரம்மா மெயினை அணைத்துவிடுவார். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் தெருவிளக்குக்குப் போவோம். ஏதோ தியாகக் கதை போலச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், அங்கே படித்ததைவிட அரட்டை அடித்ததுதான் அதிகம்.

நைட் டூட்டி | சனி காலை 9:05

மூன்று பதிவும் ஆண்கள் எழுதியது, மூன்றும் ஆண்கள் படம். (மஞ்சக்குப்பம் சாரை விட்டுவிடுகிறேன், அது குடும்பங்கள்.)

நான் கோரிமேட்டில் இன்னும் நாலு பேரோடு ஒரு வீட்டில் இருக்கிறேன். ஐந்து பேரும் நர்ஸ், மூன்று ஷிஃப்ட். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் விழித்திருந்த நாள் போன பொங்கல். பெண்கள் சேர்ந்து தங்குவதைத் தமிழ்ப் படங்கள் காட்டுகிற விதம் தெரியுமா? லேடீஸ் ஹாஸ்டல் என்றால் ஹீரோ சுவர் ஏறிக் குதிக்க ஒரு இடம். உள்ளே இருக்கிறவர்களுக்கு வேலை தலையணைச் சண்டை. தலையணை உறையை யார் துவைப்பது என்று ஒருத்தியும் கேட்க மாட்டாள்.

உங்கள் பரீட்சையில் முதல் மார்க் வாங்குகிற படம் ஒன்று சொல்கிறேன். ‘ஆல் வி இமேஜின் ஆஸ் லைட்’, பாயல் கபாடியா எடுத்தது. 2024இல் கான் விழாவில் கிராண்ட் பிரி வாங்கியது. முப்பது வருஷத்துக்கு அப்புறம் அங்கே பிரதானப் போட்டிக்குப் போன இந்தியப் படம். விருதை விடுங்கள். மும்பையில் இரண்டு மலையாளி நர்ஸ்கள், பிரபாவும் அனுவும், ஒரே வீடு. கனி குஸ்ருதியும் திவ்ய பிரபாவும். பெரியவளிடம் சின்னவள் இந்த மாதம் என் பங்கு வாடகையையும் நீங்களே கொடுத்துவிடுங்கள் என்கிறாள். அந்த இடத்தில் நான் படத்தை நிறுத்திவிட்டு எங்கள் வீட்டு வாட்ஸ்அப் குரூப்பைப் பார்த்தேன். அதே வாக்கியம், போன மாதம் ஐந்தாம் தேதி, ஒரு கும்பிடு எமோஜியோடு.

அந்த வீட்டுக்கு ஒரு ரைஸ் குக்கர் பார்சலில் வரும். அனுப்பியவர் பேர் இருக்காது. ஜெர்மனியில் செய்தது, பிரபாவின் புருஷன் இருப்பதும் ஜெர்மனியில்தான். ராத்திரி அவள் தரையில் உட்கார்ந்து அதைக் கட்டிக்கொள்வாள். இருட்டு. அடுத்தவள் தூங்குகிறாள். எனக்கு அந்தக் காட்சியில் குக்கரைவிட அந்த இருட்டுதான் பிடித்தது. சேர்ந்து தங்குகிற வீட்டில் தனியாக அழ இடம் கிடையாது. அடுத்தவள் தூங்குகிற நேரம்தான் இடம். எங்கள் வீட்டில் அதற்கு பாத்ரூம், பக்கெட்டில் குழாயைத் திறந்துவிட்டு.

கேட் விஷயமும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பழைய வீட்டு ஓனரம்மா ஒன்பது மணிக்கு கேட்டைப் பூட்டிவிடுவார். எனக்கு ஈவினிங் டூட்டி முடிந்து ஹேண்ட் ஓவர் கொடுத்து வர ஒன்பதரை. ஒருநாள் மேலேயிருந்து எட்டிப் பார்த்து, “எந்த ஆஸ்பத்திரியில ஒன்பதரை வரைக்கும் நோயாளி இருக்காங்க?” என்று கேட்டார். அடுத்த மாதம் காலி செய்தோம்.

பெட்டிக்கடை பெஞ்சு | சனி காலை 9:20

//எந்த ஆஸ்பத்திரியில ஒன்பதரை வரைக்கும் நோயாளி இருக்காங்க?//

அக்கா, டீ மூக்கில் ஏறிவிட்டது.

கெடிலம்கரை | சனி மதியம் 1:30

நான் சிப்காட்டில் ஃபிட்டராக இருந்தவன். இப்போது பேரன் வைத்துக் கொடுத்த போனில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுக்கவும்.

படம் என்றால் எனக்கு ‘அங்காடித் தெரு’. வசந்தபாலன், 2010. ரங்கநாதன் தெரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிற பிள்ளைகள் ராத்திரி ஒரே ஹாலில் வரிசையாகப் படுத்துக் கிடப்பார்கள். சாப்பாட்டுக்கு முண்டியடிப்பார்கள். அதில் நண்பன், ரூம் மேட் என்ற பேச்சுக்கெல்லாம் முன்னால் உடம்பு இருக்கிறது. நாள் முழுக்க நின்ற கால் ராத்திரி நீட்டக் கிடைக்கிற ஆறடி.

எங்கள் ரூமில் ஏழு பேர், பாய் நாலு. எப்படி என்றால் ஷிஃப்ட். நைட் போனவன் காலையில் வரும்போது பகல் ஷிஃப்ட்காரன் எழுந்து போயிருப்பான். அவன் படுத்த சூடு பாயில் இருக்கும். மழைக்காலத்தில் அது சுகம், சித்திரையில் நரகம். இன்றைக்கு அதே மாதிரி ரூம்களில் ஒடிசா, பீகார்ப் பையன்கள் இருக்கிறார்கள். போன வாரம்கூட ஒரு ரூம் வாசலில் செருப்பை எண்ணினேன், பதினாலு ஜோடி. அவர்களைத் தமிழ்ப் படத்தில் நகைச்சுவைக்கு விட்டால் குற்றவாளிக்கு, அவ்வளவுதான் வைக்கிறார்கள். அந்த ரூமுக்குள் கேமரா போகட்டும், அதுதான் அடுத்த ‘அங்காடித் தெரு’.

இன்னொன்று. 2011 டிசம்பர் 30, தானே புயல். விடிகிற நேரத்தில் எங்கள் ரூம் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் பட்டம் மாதிரிப் போய்விட்டது. ஏழு பேரும் பாயைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு கீழே ஓனர் வீட்டில் போய் நின்றோம். அதுவரை எங்களை வாசற்படிக்கு மேலே ஏற விடாத மனிதர். எங்கள் தெருவுக்குக் கரண்ட் வரப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. அந்தப் பன்னிரண்டு நாளும் அவர் வீட்டு ஹாலில்தான் படுத்தோம், அவர் வீட்டம்மா வடித்த கஞ்சியைத்தான் குடித்தோம். கரண்ட் வந்த மறுநாள், “ஷீட் மாத்தின செலவுல பாதி நீங்க தரணும்” என்றார். கொடுத்தோம். இதையும் படத்தில் வைக்கச் சொல்லுங்கள். நல்லவராகவும் காட்டக்கூடாது, கெட்டவராகவும் காட்டக்கூடாது.

லாஸ்பேட்டை மூணாவது மாடி | சனி மதியம் 2:10

ஐயா, கடைசி வரிக்கு ஒரு கும்பிடு. நான் இழை தொடங்கியதற்கு இது ஒன்று போதும்.

சனிக்கிழமை விருந்தாளி | சனி மாலை 4:45

பாண்டியில் ரூம் எடுப்பவனுக்கு மட்டும் உள்ள ஒரு கஷ்டத்தை எந்தப் படமும் எடுக்கவில்லை. வெள்ளி ராத்திரி ஏழு மணி ஆனால் போதும், “மச்சான், நாளைக்கு அந்தப் பக்கம் வரேன்” என்று ஃபோன். சென்னை, விழுப்புரம், சேலம். பள்ளிக்கூடத்தில் என்னோடு பேசாதவன்கூட வருவான். பாட்டில் விலை அங்கே ஒரு மாதிரி இங்கே ஒரு மாதிரி இருக்கிற வரை என் நட்பு வட்டம் வளர்ந்துகொண்டேதான் இருக்கும். மூன்று பேர் வாடகை கொடுக்கிற வீட்டில் ஞாயிறு காலை எட்டுப் பேர் கிடப்பார்கள். பாத்ரூமுக்கு டோக்கன்தான் போடவில்லை.

(என் பேரைப் பார்த்துத் தப்பாக நினைக்க வேண்டாம். நான் விருந்தாளி இல்லை, விருந்தாளிகளிடம் மாட்டியவன்.)

பெட்டிக்கடை பெஞ்சு | சனி மாலை 5:00

யாருமே ‘பிக் பாஸ்’ பேரை எடுக்கவில்லையே, வெட்கமா? 2017 ஜூனிலிருந்து தமிழ்நாடு மொத்தமும் பார்த்த ரூம் மேட் ஷோ அதுதான். சமையல் டீம், பாத்திரம் கழுவுற டீம், பாத்ரூம் டீம் என்று வேலைப் பட்டியல் போட்டே நடத்துகிறார்கள். கேன் பரீட்சையில் நூற்றுக்கு நூறு.

நைட் டூட்டி | சனி மாலை 5:30

பூஜ்யம். அங்கே யாரும் வாடகை கொடுப்பதில்லை, சம்பளம் வாங்குகிறார்கள். சேர்ந்து தங்குவதில் கஷ்டமே என்ன? பிடிக்காவிட்டாலும் அடுத்த மாத வாடகைக்கு அவள் வேண்டும் என்பதுதானே. அங்கே பிடிக்காவிட்டால் ஓட்டுப் போட்டு வெளியே அனுப்பலாம். அந்த வசதி எனக்கு இருந்தால் எங்கள் வீட்டில் ஹீட்டரை அணைக்காத ஒருத்தி இந்நேரம் பெட்டியோடு தெருவில் நிற்பாள்.

மஞ்சக்குப்பம் வாசகர் | சனி மாலை 6:40

அம்மா சொல்வது சரி. ஆனால் பாலுக்கும் காபிப் பொடிக்கும் அங்கே வருகிற சண்டை பொய் இல்லை. எங்கள் ஆறு குடித்தனத்தை நூறு நாள் படம் பிடித்திருந்தாலும் அதேதான் வந்திருக்கும்.

எனக்கு அதில் வேடிக்கையாகப் பட்டது கமல்தான். 1980இல் காலிப் பாத்திரத்தை வைத்துக்கொண்டு சாப்பிடுகிற மாதிரி நடித்த ரூம் மேட், 37 வருஷம் கழித்துச் சனி, ஞாயிறுகளில் கோட்டுப் போட்டு வந்து, வீட்டு வேலை செய்யாதவர்களை நிற்க வைத்து விசாரிக்கிறார். ரூமில் இருந்தவன் ஹவுஸ் ஓனர் ஆகிவிட்டான். இப்போது அந்த வேலையும் விஜய் சேதுபதிக்குப் போய்விட்டது.

பாதி பிரெஞ்சு | சனி இரவு 8:20

லாஸ்பேட்டை நண்பரே, உங்கள் வீட்டைப் பற்றி ஏற்கெனவே படம் வந்துவிட்டது. ‘லோபெர்ஜ் எஸ்பஞோல்’, செட்ரிக் கிளாபிஷ், 2002. பிரெஞ்சு வகுப்பில் போட்டுக் காட்டினார்கள். பாரிஸ் பையன் ஒருவன் படிக்க பார்சிலோனா போகிறான். அங்கே ஒரு வீட்டில் இங்கிலீஷ்காரி, ஜெர்மன்காரன், இத்தாலிக்காரன், டென்மார்க்காரன், ஸ்பெயின்காரி என்று நாட்டுக்கொரு ஆள். இவனைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று எல்லோரும் சுற்றி உட்கார்ந்து இன்டர்வியூ எடுப்பார்கள். வேலைக்குக்கூட அப்படிக் கேட்க மாட்டார்கள்.

தலைப்புக்கு நேர் பொருள் ஸ்பானிய சத்திரம். பிரெஞ்சில் அது ஒரு சொலவடை. நீ என்ன கொண்டு வருகிறாயோ அதுதான் உனக்கு அங்கே கிடைக்கும் என்று அர்த்தம். நம் ஊரில் கட்டுச்சோற்றோடு சத்திரத்தில் இறங்குவது மாதிரி.

அதில் எனக்குப் பிடித்த பொருள், போன் பக்கத்தில் ஒட்டியிருக்கிற ஒரு தாள். யார் வீட்டிலிருந்து கூப்பிட்டாலும் ‘அவன் இல்லை, சாயங்காலம் வருவான்’ என்பதை அந்தந்த மொழியில் சொல்ல எழுதி வைத்திருப்பார்கள். இங்கிலீஷ்காரி ஒரு பிரெஞ்சு அம்மாவிடம் மாட்டிக்கொண்டு முழிப்பாள் பாருங்கள்.

லாஸ்பேட்டை மூணாவது மாடி | சனி இரவு 8:45

அந்தத் தாள் எங்கள் வீட்டில் தலைக்குள் இருக்கிறது! ஏனாம்காரன் அம்மா கூப்பிட்டு அவன் எடுக்காவிட்டால் அடுத்த ஃபோன் எனக்குத்தான் வரும். “ஸ்நானம் சேஸ்துன்னாடு” என்பேன். மாஹே அம்மாவுக்கு “குளிக்குகயாணு”. காரைக்கால் அம்மாவுக்கு மட்டும் உண்மையைச் சொல்லிவிடலாம், “தூங்குறான்மா”. மற்ற இரண்டு அம்மாக்களும் தங்கள் பிள்ளைகள் புதுச்சேரிக்குப் போனபிறகு ரொம்பச் சுத்தமாகிவிட்டதாக நினைக்கிறார்கள்.

‘பிரெண்ட்ஸ்’ என்ற அமெரிக்க சீரியல் பற்றி யாரும் பேசவில்லையே? நியூயார்க்கில் அவ்வளவு பெரிய ஃப்ளாட்டில் மோனிகா எப்படி இருக்கிறாள் என்று எல்லோரும் கேட்பார்கள். பதில் கதையிலேயே இருக்கிறது. அது பாட்டி பேரில் இருக்கிற, வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குள் வருகிற வீடு. பாட்டி பேரைச் சொல்லி இவள் ஓட்டுகிறாள். 236 எபிசோடும் அந்தப் பாட்டி போட்ட பிச்சை. அதனால் என் பரீட்சையில் பாஸ், ஆனால் சிபாரிசில் பாஸ்.

மாஹே மூணாமன் | சனி இரவு 9:30

நான்தான் அந்த மாஹேக்காரன். பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு என்னைப் பற்றி எழுதுகிறான், நானே சொல்லிவிடுகிறேன். என் தமிழ் இந்த வீட்டில் கற்றது, தப்பு இருந்தால் அவனைத் திட்டுங்கள்.

‘ராம்ஜி ராவ் ஸ்பீக்கிங்’, 1989. சித்திக் லால் இரண்டு பேரும் டைரக்ட் செய்த முதல் படம். பழைய நாடகக் கம்பெனி வைத்திருக்கிற மத்தாயி, இன்னொசென்ட். கையில் காசு இல்லை. வீட்டில் ஏற்கெனவே முகேஷ் இருக்கும்போதே சாய்குமாரையும் வாடகைக்குச் சேர்க்கிறார். அவர்கள் இரண்டு பேரும் அடித்துக்கொள்வார்கள். வாடகைதான் கதையின் முதல் முடிச்சு. இவன் வைத்த பரீட்சைக்கு இதைவிட நேரான பதில் இருக்கிறதா? இதைத் தமிழில் ஃபாசில் ‘அரங்கேற்ற வேளை’ என்று 1990இல் எடுத்தார். பிரபு, வி.கே. ராமசாமி, முகேஷ் இடத்தில் ரேவதி. ரேவதி நன்றாகத்தான் செய்தார். ஆனால் சண்டை போடும் இரண்டு ரூம் மேட்களில் ஒருவரைப் பெண்ணாக்கினால் அது காதலில்தான் போய் முடியும் என்று பார்க்கிறவனுக்கு முதல் ரீலிலேயே தெரிந்துவிடும். முகேஷும் சாய்குமாரும் எங்கே போய் முடிவார்கள் என்று தெரியாது. அதுதான் வித்தியாசம்.

இன்னொன்று. முகேஷ் அம்மாவுக்குத் தனக்கு நல்ல வேலை இருப்பதாகப் பொய்க் கடிதம் எழுதுவான். மேலே ‘குளிக்குகயாணு’ என்று எழுதியவனுக்கு அது புரியும்.

நைட் டூட்டி | சனி இரவு 10:10

//ஒருவரைப் பெண்ணாக்கினால் அது காதலில்தான் போய் முடியும்//

‘புது வசந்தம்’ அப்படி முடியவில்லையே தம்பி. அதுவும் 1990தான், விக்ரமனின் முதல் படம். முரளி, ஆனந்த் பாபு, ராஜா, சார்லி நாலு பேர் இருக்கிற இடத்தில் சித்தாரா வந்து தங்குவார். காதல் கிடையாது. ஊர்தான் சந்தேகப்படும். அந்த அஞ்சு பேரும் இன்றைக்குப் பாண்டியில் வீடு கேட்டு வந்தால் கிடைக்குமா? எனக்குத் தெரிந்த புரோக்கர் ஒருவர் கல்யாணப் பத்திரிகை கேட்பார்.

அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் இதே கதைதான் போல. ‘த்ரீஸ் கம்பெனி’ என்று 1977இலிருந்து 84 வரை ஓடிய சீரியல். இரண்டு பெண்களோடு ஒரு ஆண் தங்க ஹவுஸ் ஓனர் ஒத்துக்கொள்ள வேண்டுமென்று, தனக்குப் பெண்கள் மேல் நாட்டமே இல்லை என்று அவன் எட்டு வருஷம் நடிப்பான்.

எனக்கு ஆசை ‘கோல்டன் கேர்ள்ஸ்’ மேல். மயாமியில் ஒரு வீடு, வயசான நாலு பெண்கள், ராத்திரி சமையலறை மேசையில் சீஸ் கேக்கை வைத்துக்கொண்டு பேசுவார்கள். ரிட்டயர் ஆனபிறகு நாங்கள் ஐந்து பேரும் அப்படி இருக்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். ஹீட்டர்காரி உட்பட.

கெடிலம்கரை | ஞாயிறு காலை 7:00

சீஸ் கேக் என்றால் என்ன என்று பேரனிடம் கேட்டேன். பால்கோவா மாதிரி என்கிறான். சரி.

சனிக்கிழமை விருந்தாளி | ஞாயிறு காலை 11:15

‘பிக் பேங் தியரி’ சீரியலில் ஷெல்டன் ரூம் மேட்டிடம் அக்ரிமென்ட் வாங்கி வைத்திருப்பான், பாத்ரூம் நேரம் வரைக்கும் ஷரத்து இருக்கும். அதைப் பார்த்து நாங்களும் ஒன்று எழுதினோம். முதல் ஷரத்து: விருந்தாளியைக் கூட்டி வருகிறவன் அவன் போகிற வரை பாத்ரூம் கழுவ வேண்டும். மூன்று பேரும் கையெழுத்துப் போட்டுக் கதவில் ஒட்டினோம். நேற்று வந்த விருந்தாளி ஒருத்தன் அதன் பின்பக்கத்தில் சீட்டாட்டக் கணக்கு எழுதிவிட்டுப் போயிருக்கிறான்.

பெட்டிக்கடை பெஞ்சு | ஞாயிறு மதியம் 12:40

தொடங்கியவர் எங்கே? தீர்ப்பு கேட்டுவிட்டு ஆளைக் காணோம்.

லாஸ்பேட்டை மூணாவது மாடி | ஞாயிறு இரவு 11:55

இங்கேதான் இருக்கிறேன். இன்று ராத்திரி எல்லோரும் சேர்ந்து ‘வறுமையின் நிறம் சிவப்பு’ போட்டோம். தமிழ்தான், சீட்டுக் குலுக்கிப் போட்டதில் தமிழ் வந்தது. பக்கெட்டைக் கவிழ்த்து அதன்மேல் லேப்டாப். ஏனாம்காரன் ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னாலேயே தெலுங்கில் சொல்லிக்கொண்டு வந்தான், தாங்க முடியவில்லை. ‘நல்லதோர் வீணை செய்தே’ வந்தபோது மட்டும் வாயை மூடினான். அது பாரதி எழுதியது என்று மாஹேக்காரன் அவனுக்குச் சொன்னான். நான் சொல்லவில்லை, எனக்குத் தொண்டை அடைத்திருந்தது.

டெல்லி ரூமில் சாப்பிட ஒன்றும் இல்லை. வந்தவளுக்கு அது தெரியக்கூடாது என்று கமலும் எஸ்.வி. சேகரும் கூட்டாளியும் சேர்ந்து சாப்பிடுகிற மாதிரி நடிப்பார்களே, அந்தக் காட்சி. சின்ன வயதில் டிவியில் பார்த்தபோது சிரித்தது ஞாபகம் இருக்கிறது. இன்றைக்கு நாலு பேரில் ஒருத்தனும் சிரிக்கவில்லை. ஏனாம்காரனும் முன்கூட்டிச் சொல்லவில்லை. எங்களுக்கு மாதக் கடைசி. வெள்ளிக்கிழமையிலிருந்து ராத்திரிக்கு ரவை உப்புமாதான், அதுவும் நேற்று எனக்குப் பசி இல்லை என்று மூன்று பேர் சொன்னோம். மூன்று பேரும் பொய்.

காரைக்கால் வழக்கம்போலச் சுவர்ப் பக்கம் திரும்பித் தூங்குகிறான் என்று நினைத்தோம். அவன் எழுந்து, தன் பையின் அடியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தான். அம்மா கொடுத்தனுப்பிய நெத்திலிக் கருவாடு வறுவல். போன மாதம் ஊருக்குப் போய் வந்ததிலிருந்து ஒளித்து வைத்திருக்கிறான் பாவி. ஒரு வார்த்தை பேசவில்லை, மூடியைத் திறந்து பக்கெட் பக்கத்தில் வைத்தான். மாஹேக்காரன் போய்ச் சோறு வைத்தான். மீதிப் படத்தைச் சாப்பிட்டுக்கொண்டேதான் பார்த்தோம்.

மஞ்சக்குப்பம் சார், இந்த ஒரு மாதமும் ராத்திரியில் எங்களுக்கு ஏதோ கொறிக்கிற சத்தம் கேட்டது. எலி என்று நினைத்து மருந்து வாங்கி வைத்தோம். ஓனரிடம் புகார்கூடச் சொன்னேன்.

மஞ்சக்குப்பம் வாசகர் | திங்கள் காலை 5:50

அந்த மருந்தை முதலில் தூக்கிப் போடுங்கள் தம்பி.

பெட்டிக்கடை பெஞ்சு | திங்கள் காலை 8:10

எல்லாம் சரி. கருவாடு தின்றால் தாகம் எடுக்குமே. கேனை யார் மாற்றினது?

மாஹே மூணாமன் | திங்கள் காலை 8:25

ஏனாம்காரன். பாதி கேனுக்குள், பாதி என் பாயில்.